ரத்தக் கொதிப்புக்குக் காரணம் தேடுவது வீண் வேலையா?

செந்தூல்வாசி, 2 மார்ச் 2024, இரவு 9.40

ரத்தக் கொதிப்பு என்றால் மாத்திரையைப் போட்டோமா, வேலையைப் பார்த்தோமா என்று இருக்கணும். காரணம் தேடி டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுப்பது காசுக்குப் பிடித்த கேடு. உப்பு, டென்ஷன், அப்பன் பாட்டன் சொத்து. இந்த மூன்றைத் தாண்டி நாலாவது ஒன்று இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த்காரன், 2 மார்ச் 2024, இரவு 11.15

இருக்கிறது அண்ணே. என் வீட்டில் அந்த நாலாவதின் பெயர் மாமியார்.

சிரிக்காதீர்கள். எனக்கு வயது 43. நாலு வருடமாக அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மூன்று மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன்: பெரின்டோப்ரில், அம்லோடிபின், அதோடு சிறுநீரைக் கூட்டும் தண்ணி மாத்திரை. ஒரு வேளை தவறியதில்லை. போன மாதம் சீனப் பெருநாள் லீவு முடிந்து பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குத் திரும்பிய வாரம், அங்கே வருடாந்திர செக்கப். மிஸ்ஸி (நர்ஸ்) இடது கையில் பட்டி சுற்றிப் பார்த்தார். மெஷினைத் தட்டினார். வலது கையில் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தார். 212/124. எனக்குத் தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. காலையில் இரண்டு ரொட்டி சானாய் பசியாறிவிட்டு வந்தவன்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் 2.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். பட்டர்வொர்த் கிளினிக்கில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்தார். "ஊபாட் கம்போங் (நாட்டு மருந்து) ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். "கஷாயம்?" என்றார். அப்போதுதான் உறைத்தது. ஃபேக்டரி ஏர்கோனில் தொண்டை வறள்கிறது என்று அத்தை ஒன்றரை வருடமாக ராத்திரி தோறும் ஒரு டம்ளர் காய்ச்சித் தருகிறார். சுக்கு, மிளகு, கைநிறைய அதிமதுரம்.

பட்டர்வொர்த்காரன், 3 மார்ச் 2024, காலை 7.05

அதிமதுரம் எப்படிக் கொதிப்பை ஏற்றும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கிறது அட்ரினல் சுரப்பி. அதில் சுரக்கும் அல்டோஸ்டீரோன் கிட்னியிடம் சொல்வது ஒன்றுதான்: உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே விடு. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும், அழுத்தம் ஏறும். அதே சுரப்பியிலிருந்து வரும் கார்ட்டிசோலுக்கும் அந்த வேலையைச் செய்யும் சாமர்த்தியம் உண்டு. அதைச் செய்யவிடாமல் கிட்னியில் ஒரு நொதி காவல் நிற்கிறது. அதிமதுரத்தில் இருக்கும் கிளைசிரைசின் அந்தக் காவல்காரனைத் தூங்க வைத்துவிடும். அல்டோஸ்டீரோன் கொஞ்சம்கூட ஏறாமலே, அது ஏறினால் என்ன ஆகுமோ அத்தனையும் ஆகும்.

நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் பூச்சி இருக்கிறது என்று அத்தை வாங்குவது சீன மருந்துக் கடையில். சாய்வாகச் சீவிய மஞ்சள் வில்லைகள், பழுப்புக் காகிதப் பொட்டலம். டாக்டரம்மாவுக்குப் படம் காட்டினேன். "நிறுத்துங்கள்" என்றார். நிறுத்தியாயிற்று. நேற்றிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை.

பட்டர்வொர்த்காரன், 3 மார்ச் 2024, மதியம்

ஒன்று விட்டுப் போனது. அன்று ஃபேக்டரியில் ஒரு நண்பர், "நிஃபெடிபின் கேப்சூலைக் குத்தி நாக்குக்கு அடியில் விடு, சட்டென்று இறங்கும்" என்றார். அது பழைய பழக்கம், இப்போது கைவிட்டுவிட்டார்கள். சட்டென்று இறங்குவதுதான் ஆபத்து. உயரத்துக்குப் பழகிய மூளைக்கு ரத்தம் போதாமல் பக்கவாதமே வரலாம். 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, பார்வை மங்கல், வாய் குழறல், ஒரு பக்கம் விளங்காமை என்று எதுவும் இருந்தால் ஆம்புலன்ஸுக்கு 999. இல்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வீட்டு வைத்தியம் வேண்டாம். (வீட்டு வைத்தியம் பற்றி எழுதும் தகுதி எனக்கு வந்துவிட்டது.)

பட்டர்வொர்த்காரன், 10 மார்ச் 2024

கெப்போங் அக்கா, உங்கள் மகளுக்கு 27 வயது, 180/110, வீட்டில் யாருக்கும் கொதிப்பு இல்லை என்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த வயதில் "டென்ஷன்" என்று அனுப்பிவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம், அதுவும் ஒரு காரணம். சிறுநீரில் புரதம் போகிறதா, நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள். கிட்னி நோய் கொதிப்பில் போய் முடியும், கொதிப்பும் கிட்னியில் போய் முடியும், எது முதலில் என்பதே பெரிய வழக்கு.

இளம் பெண்களுக்கு இன்னொன்று உண்டு. கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் சுவர் தடித்து, படத்தில் பாசிமணி கோத்த மாதிரி தெரியும். ரத்தம் குறைவாக வருவதைப் பார்த்த கிட்னி, உடம்பு முழுக்க ரத்தமே குறைந்துவிட்டது என்று நினைத்து ரெனின் என்ற சுரப்பைக் கொட்டும், அது அல்டோஸ்டீரோனைச் சுரக்கச் சொல்லும். அழுத்தம் ஏறும். 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் கிட்னிக் குழாயில் கிளிப் போட்டு இறுக்கி இதைக் காட்டினார். நாய்களுக்கு டென்ஷனும் இல்லை, அப்பன் பாட்டன் சொத்தும் இல்லை, செந்தூல் அண்ணே.

காலிலும் ஒரு தடவை அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பெருந்தமனி பிறவியிலேயே ஒரு இடத்தில் குறுகி இருந்தால் கையில் எகிறும், காலில் குறையும்.

பட்டர்வொர்த்காரன், 11 மார்ச் 2024

ஆமாம் செந்தூல் அண்ணே, பெரும்பாலோருக்குத் தனிக் காரணம் என்று எதுவும் கிடைக்காது, அந்த மட்டும் உங்கள் கட்சிதான். 2019 மலேசிய தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்குக் கொதிப்பு. அத்தனை பேரையும் ஸ்கேனில் படுக்க வைக்க முடியாது. வயது முப்பதைத் தொடாதவர், தண்ணி மாத்திரையையும் சேர்த்து மூன்று மருந்துக்கும் அடங்காதவர், பொட்டாசியம் குறைந்தவர், நன்றாக இருந்து திடீரென்று எகிறியவர். நான் சொல்வது இவர்களைப் பற்றி.

பட்டர்வொர்த்காரன், 24 மார்ச் 2024

ஈப்போ நண்பரின் அம்மா விஷயம். மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடி, இரண்டே நாளில் வலி பறந்தது, மூன்று மாதத்தில் முகம் நிலா மாதிரி உருண்டது, கொதிப்பும் இனிப்பு நீரும் சேர்ந்து வந்தன. அவர் எழுதியதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. இப்படிப் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது நம் நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. டப்பாவில் அரசாங்கத்தின் எம்.ஏ.எல். பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அவசரப்பட்டு நாளைக்கே குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் அட்ரினல் சொந்த வேலையை நிறுத்தியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ஆள் சாய்ந்துவிடலாம். பொடியையும் அம்மாவையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், இன்றைக்கே.

பட்டர்வொர்த்காரன், 28 ஏப்ரல் 2024

எட்டு வாரம் ஆகிறது. கஷாயம் நிறுத்தியாயிற்று. தண்ணி மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பதால் டாக்டரம்மா அதையும் நிறுத்தி வேறு கொடுத்தார். நேற்று வந்த ரிசல்ட்: பொட்டாசியம் 2.8. அழுத்தம் 188/112.

அதிமதுரத்தின் வேலை சில வாரத்தில் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் அலமாரியில் பழைய மஞ்சள் ஃபைலை இழுத்தேன். 2019-இல் கம்பெனி எடுத்த ரத்தப் பரிசோதனை. கொலஸ்ட்ரால், சர்க்கரை, யூரிக் ஆசிட், எல்லாவற்றிலும் யாரோ பேனாவால் டிக் போட்டிருக்கிறார்கள். பொட்டாசியம் வரியில் 3.2, பக்கத்தில் குறைவு என்பதற்கான ஒற்றை எழுத்து. அந்த வரியிலும் டிக். அன்றைக்கு அத்தை எங்கள் வீட்டுக்கே வரவில்லை, அலோர் ஸ்டாரில் இருந்தார்.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நடுராத்திரி எழுவது, மூன்று தடவை சிறுநீருக்குப் போவது, இரண்டும் பொட்டாசியக் குறைவின் வேலைதானாம். நான் ஷிஃப்ட் களைப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டர்வொர்த்காரன், 19 மே 2024

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அல்டோஸ்டீரோன், ரெனின் இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்து விகிதம் பார்க்கணும். சில மாத்திரைகள் அந்தக் கணக்கைக் குழப்பும் என்று மாற்றி வெராபமில், பிராசோசின் கொடுத்திருக்கிறார்கள். பிராசோசின் முதல் வேளையைப் படுக்கப் போகும்போது சாப்பிடுங்கள், சட்டென்று எழாதீர்கள் என்று ஃபார்மசியில் இரண்டு தடவை சொன்னார்கள். இரண்டு தடவையும் தலையாட்டினேன். ராத்திரி இரண்டு மணிக்குச் சட்டென்று எழுந்தேன். குளியலறை வாசலில் கிடந்தபோது முதலில் வந்து விளக்கைப் போட்டது அத்தை. "என் கஷாயம் குடிச்சப்ப நீங்க ஒரு நாளும் விழுந்ததில்ல மாப்பிள்ளை." இரண்டரை மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

பொட்டாசியத்தை முதலில் சரி செய்தால்தான் டெஸ்ட் சரியாக வருமாம். அதற்கு ஒரு பொட்டாசியப் பாட்டில் மருந்து. கடல் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியை ஊற வைத்த ருசி.

பட்டர்வொர்த்காரன், 16 ஜூன் 2024

ரெனின் தரையோடு தரை. அல்டோஸ்டீரோன் எகிறி நிற்கிறது.

இதன் அர்த்தத்தை டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அதிமதுரம் குற்றவாளி என்றால் ரெனினும் குறையணும், அல்டோஸ்டீரோனும் குறையணும். இங்கே அல்டோஸ்டீரோன் தானாக, யார் கட்டளையும் இல்லாமல் சுரக்கிறது. ஆகவே இந்த இழையில் மார்ச் 2-ஆம் தேதி நான் எழுதிய முதல் வரியை வாபஸ் வாங்குகிறேன். கஷாயம் எரிகிற தீயில் கொஞ்சம் எண்ணெய் விட்டிருக்கலாம். தீ வைத்தது அது இல்லை.

நோயின் பெயர் கான் நோய். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் 1954-இல் ஒரு 34 வயதுப் பெண்ணிடம் கண்டுபிடித்து, 1955-இல் எழுதினார். அந்த அம்மாவுக்கும் தசைப் பிடிப்பு, கை கால் பலவீனம், பொட்டாசியம் அடிமட்டம். அல்டோஸ்டீரோனையே பிரித்தெடுத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: கான் அதற்கு முன்பு உலகப் போர்க் காலத்தில், நம்மூர்ப் புழுக்கம் மாதிரியான ஈரவெப்பத்தில் மனித உடம்பு எப்படிப் பழகுகிறது, வியர்வையில் உப்பு ஏன் குறைகிறது என்று ஆராய்ந்தவர். அந்த வியர்வைக் கணக்குதான் பிறகு இங்கே கொண்டு வந்து விட்டது. அறுவையில் அட்ரினலில் ஒரு கட்டி கிடைத்தது, எடுத்தார்கள், அந்த அம்மா தேறினார்.

பொட்டாசியம் சரியாக இருந்தால் இந்த நோய் இல்லை, நிம்மதியாக இருக்கலாம்.

பட்டர்வொர்த்காரன், 17 ஜூன் 2024

அத்தையிடம் ரிசல்ட்டைச் சொன்னேன். "அந்த கம்ப்யூட்டர்ல எழுதினீங்களே, அதுல போட்டீங்களா?" என்றார்.

பட்டர்வொர்த்காரன், 7 ஜூலை 2024

நாலு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றினார்கள். இத்தனை உப்பு வந்தால் சாதாரண ஆளுக்கு அல்டோஸ்டீரோன் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. பிறகு சிடி ஸ்கேன். இடது அட்ரினலில் 11 மில்லிமீட்டர் கட்டி! கொண்டைக்கடலை அளவு. இத்தனை வருடம் என்னை ஆட்டி வைத்தவன் இவன்தான். சாவித் துவாரம் மாதிரி நாலு ஓட்டை போட்டு எடுத்துவிடலாமாம். தீபாவளிக்குள் ஆபரேஷன், பிறகு ஆட்டுக்கறி, கருவாடு, ஊறுகாய். செந்தூல் அண்ணனுக்கு என் செலவில் நாசி கண்டார், குழம்பு வெள்ளமாக.

பட்டர்வொர்த்காரன், 8 ஜூலை 2024

கிள்ளானிலிருந்து ஒரு மிஸ்ஸி தனியாக எழுதி என்னைக் குட்டிவிட்டார். இரண்டு குட்டு.

ஒன்று: வயது ஏற ஏற அட்ரினலில் சும்மா கிடக்கும் கட்டிகள் சாதாரணம். படத்தில் தெரிவதாலேயே அவன்தான் திருடன் என்று ஆகாது. எந்தப் பக்கம் சுரக்கிறது என்று அந்தந்தப் பக்கத்து ரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு: ஜூன் 16 கடைசி வரி தப்பு. கான் நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். கொதிப்பு உள்ள நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம், மருந்துக்கு அடங்காத கொதிப்பில் இன்னும் அதிகம் என்று இப்போது கணிக்கிறார்கள். என் வரியைப் படித்து நிம்மதியாக இருந்தவர்கள் தயவுசெய்து நிம்மதியைத் திருப்பிக் கொடுங்கள்.

பட்டர்வொர்த்காரன், 6 அக்டோபர் 2024

ரத்த மாதிரி எடுப்பது கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில். இடிஎஸ் ரயிலில் போனோம், நாலு மணி நேரம், மனைவி ஜன்னலோரம், அத்தை கொண்டு வந்த புளிச்சோற்றில் உப்பு இல்லை.

ஆள் விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி, அது வழியாக மெல்லிய குழாய். இடது பக்கம் சுலபம், அங்கே அட்ரினல் ரத்தக்குழாய் கிட்னி ரத்தக்குழாயில் போய்ச் சேர்கிறது. வலது பக்கம் குட்டையாக நேரே பெரிய ரத்தக்குழாயில் திறக்கிறது, அதன் வாயைப் பிடிப்பதுதான் வித்தை. கூரையில் ஒரு டைல் ஓரம் பழுப்பேறி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். டாக்டர் "சிக்கித்" என்பார், ஐந்து நிமிடம் போகும், "சிக்கித் லாகி" என்பார். அந்தக் "கொஞ்சம்" முக்கால் மணி நேரம் போனது. பிறகு சிரிஞ்சில் கருஞ்சிவப்பாக ஏறியது. மிஸ்ஸி குழாய்களில் வலது, இடது என்று ஒட்டும்போது உரக்கச் சொல்லிச் சொல்லி ஒட்டினார்.

பட்டர்வொர்த்காரன், 3 நவம்பர் 2024

இரண்டு பக்கமும்.

கொண்டைக்கடலை மட்டும் இல்லை, இரண்டு அட்ரினலும் சேர்ந்தே கூடுதலாகச் சுரக்கின்றன. இரண்டையும் எடுத்தால் ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு மாத்திரையில் நிற்கணும், அதனால் ஆபரேஷன் கிடையாது. அல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை, தினமும், காலம் முழுக்க.

ரிசல்ட் தீபாவளிக்கு முதல் நாளே வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முறுக்கு சுட்ட எண்ணெய் மணத்தில் உட்கார்ந்து ஜூலை 7-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அறுத்து எறிந்தால் தீர்ந்தது என்று மனசு அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறது. அது ஒரு பக்கம் என்றால், இடதை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று நின்றிருப்பேனே என்பது இன்னொரு பக்கம். ஒரே பக்கம் என்று நிரூபணமாகி அறுத்தவர்களுக்கும் எல்லா மாத்திரையும் நின்றுவிடுவதில்லை என்று டாக்டர் சொன்னார். அதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை.

பட்டர்வொர்த்காரன், 12 ஜனவரி 2025

இத்தனை நாள் எட்டிப் பார்க்காத செந்தூல் அண்ணன் நேற்று வந்து ஒரு வரி போட்டிருக்கிறார்: "எனக்கும் மூணு மாத்திரை அடங்கல." அண்ணே, அண்ணியிடம் ஒன்று கேளுங்கள். நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டே இருந்து திடீரென்று அடங்கி, பிறகு மூச்சுத் திணறி எழுகிறீர்களா? பகலில் சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதே கண் சொக்குகிறதா? தூக்கத்தில் மூச்சு நிற்கும்போதெல்லாம் உடம்பு பதறி அழுத்தத்தை ஏற்றுகிறது. 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் மூக்குக் கவசம் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, மூச்சுக்குழாய் ஒட்டாமல் திறந்து வைத்தார். இப்போது அந்த மெஷின் தலையணைப் பக்கத்தில் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

பட்டர்வொர்த்காரன், 13 ஜனவரி 2025

அண்ணியே பதில் எழுதிவிட்டார். இழையின் நீளம் கருதி இங்கே போடவில்லை. அண்ணனுக்கு அடுத்த மாதம் தூக்கப் பரிசோதனை.

திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் ஒன்றாக வந்து, அழுத்தம் எகிறித் தானே இறங்குகிறது என்று எழுதிய தம்பிக்கு: அது அட்ரினலின் உள்பகுதியில் வரும் அபூர்வக் கட்டியாக இருக்கலாம், ரத்தம் அல்லது சிறுநீரில் மெட்டாநெஃப்ரின் பார்ப்பார்கள். படபடப்புக்கு என்று நண்பரின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அந்தக் கட்டி இருக்கும்போது பீட்டா பிளாக்கர் என்ற படபடப்பு மாத்திரையை மட்டும் முதலில் போட்டால் அழுத்தம் இன்னும் ஏறும்.

பட்டர்வொர்த்காரன், 30 மார்ச் 2025

வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன். ஸ்பைரோனோலாக்டோன் ஐந்து மாதம், அழுத்தம் 130-க்குப் பக்கம், கெண்டைக்கால் பிடிப்பு போயே போய்விட்டது. ஆனால் சட்டை உரசினால் மார்பு வலிக்கிறது, கொஞ்சம் பருத்தும் இருக்கிறது. ஆண்களுக்கு இந்த மருந்தில் இது தெரிந்த விஷயம்தானாம். மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் லூசான சட்டையாகத் தேடிப் போட்டது என் முட்டாள்தனம். டோஸைக் குறைத்திருக்கிறார்கள், போதவில்லை என்றால் எப்ளெரினோன் என்ற தம்பி மருந்துக்கு மாறலாம் என்றார்கள்.

இன்னொன்று தலைகீழாகிவிட்டது. போன வருடம் வாழைப்பழம் சாப்பிடு, இளநீர் குடி என்றவர்கள் இப்போது அளவோடு என்கிறார்கள், ஏனென்றால் இந்த மருந்து பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். சூப்பர்மார்க்கெட்டில் "குறைந்த சோடியம் உப்பு" என்று ஆசையாக ஒரு டப்பா வாங்கி வந்தேன். அதில் பாதி பொட்டாசியம் குளோரைடு. படித்துப் பார்த்தது அத்தை, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு. டப்பா இப்போது பக்கத்து வீட்டில், அவர்கள் வீட்டில் யாருக்கும் மாத்திரையோ கிட்னி கோளாறோ இல்லை என்று கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன்.

பட்டர்வொர்த்காரன், 15 ஜூன் 2025

கஷாயம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. சுக்கு, மிளகு, துளசி. டாக்டரிடம் பட்டியல் காட்டியாயிற்று. மார்ச் 2 பதிவை ஏன் இன்னும் அழிக்கவில்லை என்று அத்தை கேட்கிறார். அழித்தால் கீழே இருப்பது எதுவும் புரியாது என்றேன். "அப்ப மேலேயே எழுதுங்க" என்றார். அந்தப் பதிவைத் திருத்த இங்கே வழியில்லை, நிர்வாகிக்கு எழுதியிருக்கிறேன்.

சுங்கை பட்டாணி நண்பர் மெஷின் பற்றிக் கேட்டது: மேற்கையின் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சாதாரணப் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைதான். உங்கள் கை 36 என்கிறீர்கள், சின்னப் பட்டி போட்டால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, பேசாமல் பாருங்கள். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ஏழு நாள், முதல் நாள் எண்களை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். அதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், போனில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள்.